கக்குவான் கிருமி மாறிவிட்டதா?

கேள்வி: சிட்னியில் இருக்கும் என் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. கக்குவான் இருமல் ஊசி போடச் சொல்கிறார்கள். தடுப்பூசியால் அந்தக் கிருமியே மாறிவிட்டது என்று படித்தேன். அப்புறம் எதற்கு ஊசி?

பதில்: படித்ததில் பாதி உண்மை, அம்மா. பழைய ஊசியில் கொல்லப்பட்ட கிருமி முழுசாக இருந்தது. காய்ச்சலும் வீக்கமும் அதிகம் என்பதால், கிருமியிலிருந்து பிரித்த சில புரதங்கள் மட்டும் உள்ள ஊசிக்கு ஆஸ்திரேலியா 1990களின் கடைசியில் மாறியது. அதில் ஒன்று பெர்டாக்டின், கிருமியின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. ஊசி போட்ட உடம்பு அதைப் பார்த்தும் கிருமியைப் பிடிக்கிறது, ஆகவே தற்செயலாக அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு உடைந்துபோன கிருமி தப்பித்துப் பெருகுகிறது. அங்கே 2008இல் சோதித்த கிருமிகளில் சுமார் 5 சதவீதம்தான் பெர்டாக்டின் இல்லாதவை. 2012இல் 78 சதவீதம். நான்கே வருடம்! அதுவும் ஒரே கிருமி பரவியதல்ல, வெவ்வேறு கிருமிகளில் அதே மரபணு தனித்தனியாக உடைந்திருக்கிறது.

சரி, ஊசி வீணா? இல்லவே இல்லை. ஊசியில் உள்ள மற்றப் புரதங்கள், முக்கியமாகக் கிருமியின் நச்சு, அந்தக் கிருமிகளிடமும் இருக்கின்றன, அதனால் பாதுகாப்பு தொடர்கிறது. பச்சைக் குழந்தைக்கு இந்த நோய் வந்தால் இருமக்கூடத் தெம்பிருக்காது, மூச்சு நின்று உதடு நீலமாகிவிடும். குழந்தைக்கு முதல் ஊசியே ஆறு வாரத்தில்தான், அதுவரை தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புச் சக்திதான் துணை. மகளைத் தள்ளிப்போடாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.