காசு செலவில்லாமல் பழைய சிங்கப்பூர்: கேட்டதும் சொன்னதும்

வார இறுதிகளில் மரபுடைமை நடைக்கு ஆட்களை அழைத்துப்போவது எனக்குப் பல வருடப் பழக்கம். கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. பதிலுக்கு முன் ஒன்று: பெரும்பாலான கோயில்களில் நண்பகல் 12 மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க மாலை ஆறு மணி ஆகிவிடும். இந்திய மரபுடைமை நிலையத்துக்குத் திங்கள் விடுமுறை.

பொங்கோல் அம்மா: பிள்ளைகளுக்கு எட்டு வயது, பத்து வயது. ஒரே காலையில் என்னென்ன காட்டலாம் அக்கா?

தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் இறங்குங்கள்மா. தெலுக் ஆயர் தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. கடலைத் தூர்த்த பிறகுதான் தண்ணீர் தள்ளிப்போனது. இதை முதலில் சொன்னால்தான் மற்றதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியும். கப்பலில் உயிரோடு வந்து சேர்ந்த நம்மவர்கள் கரையேறியதும் நன்றி சொல்ல ஓர் இடம் தேடினார்கள். நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் அப்படி எழுந்தது. நாகூர் ஆண்டவர் அடக்கமாகியிருப்பது நாகூரில், இங்கே இருப்பது அவர் நினைவிடம். அதே வரிசையில் சற்றுத் தள்ளி அல்-அப்ரார் பள்ளிவாசல். தொடக்கத்தில் குடிசையாக இருந்ததால் பெரியவர்களுக்கு அது ‘குச்சுப் பள்ளி’. இரண்டுக்கும் நடுவில் சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். அவர்களும் கடல் தாண்டி வந்த நன்றிக்காகவே கட்டினார்கள்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடுக்கு நடந்தே போய்விடலாம். ஜாமியா பள்ளிவாசலுக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் பிள்ளைகளை நிறுத்துங்கள். எண்கோண வடிவில் இரண்டு கோபுரங்கள், அவற்றுக்கு நடுவே, வாசலுக்கு மேலே, ஒரு குட்டி அரண்மனை முகப்பு. பொம்மை வீட்டில் இருப்பதுபோல் சின்னச் சின்னக் கதவுகளும் சன்னல்களும் இருக்கும். எண்ணச் சொல்லுங்கள். நான் கூட்டிப்போன பிள்ளைகள் யாரும் அதை எண்ணி முடிக்காமல் நகர்ந்ததில்லை.

அப்புறம் மாரியம்மன் கோயில். 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்சோடு பினாங்கிலிருந்து வந்து இங்கே செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளை 1827இல் தொடங்கியது. கோயிலுக்கு ஒரு பக்கம் பகோடா தெரு, மறுபக்கம் டெம்பிள் தெரு, பள்ளிவாசல் பக்கம் மாஸ்க் தெரு. அந்தப் ‘பகோடா’ நம் கோபுரம்தான். சைனாடவுனின் மூன்று தெருக்களுக்கு நம்மவர் கட்டிய கட்டடங்களால் பெயர் வந்தது. 12 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.

ஜூரோங் தம்பி: வேலை அனுமதிச்சீட்டில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. இந்த இலவசமெல்லாம் எங்களுக்கும் உண்டா?

தேசிய அரும்பொருளகம், இந்திய மரபுடைமை நிலையம் இரண்டும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், மற்றவர்களுக்குக் கட்டணம் உண்டு தம்பி. ஆனால் மேலே சொன்ன தர்கா, பள்ளிவாசல்கள், கோயில்கள் எதிலும் யாரும் உங்கள் அட்டையைக் கேட்கப்போவதில்லை. ஃபோர்ட் கேனிங் மேடும் அப்படித்தான்.

நீங்கள் கட்டுமான வேலை என்று எழுதியிருப்பதால் இன்னோர் இடம் சொல்கிறேன். சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போங்கள். 1856 முதல் 1861 வரை அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். மதராஸ், வங்காளம், பம்பாய் என்று பல பக்கத்து ஆட்கள். 1825 முதல் 1873 வரை இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் அவர்கள் கைகள்தான் எழுப்பின. அந்தத் தேவாலயத்துச் சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்த கலவை. காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்திருந்தால் அந்தக் குளிர்ச்சி உங்களுக்குத் தெரியும். பூச்சுவேலை செய்கிற உங்களுக்கு அந்தச் சுவர் எங்களைவிட நன்றாகவே புரியும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மதியம் இரண்டு மணிக்கு மாரியம்மன் கோயில் திறந்திருக்குமா?

முதல் பத்தியைப் பாருங்கள் ஐயா.

தோ பாயோ தங்கை: அதிபர் மாளிகையான இஸ்தானா உள்ளே போக முடியுமா?

தீபாவளி உள்ளிட்ட சில பண்டிகைகளை ஒட்டிப் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1867 முதல் 1869 வரை அதைக் கட்டியதிலும் அதே கைதிகளின் உழைப்பு உண்டு.

தெம்பனிஸ் வாசகர்: சிங்கப்பூர்க் கல் ராஜேந்திர சோழன் கல்வெட்டு என்கிறார்களே, அதை எங்கே பார்க்கலாம்?

தேசிய அரும்பொருளகத்தில். 1819இல் ஆற்றுமுகத்தில் கண்டெடுத்தபோது அது சுமார் மூன்று மீட்டர் உயரப் பாறை, ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்து. 1843இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இப்போது இங்கே இருப்பது ஒரு துண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாரும் முழுதாகப் படித்ததில்லை. அதனால் சோழன் கல்வெட்டு என்று சொல்லாதீர்கள்.

தெம்பனிஸ் வாசகர் மீண்டும்: 2019இல் ஓர் ஆய்வாளர் ‘பரகேசரி’ என்று படித்தாரே! சுவா சூ காங் அண்ணன்: நம் பெருமையை நாமே ஏன் குறைக்க வேண்டும்? இன்னும் நான்கு பேர்: இதே கேள்வி.

சரி, சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவர் சில எழுத்துகளை ‘கேசரிவ’ என்று படித்து, அது பரகேசரிவர்மன் என்ற பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்று முன்வைத்தார். அது ஒரு கருத்து, இன்னும் முடிவான செய்தி ஆகவில்லை. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். அதனால் அவர் அந்த எழுத்துகளைப் படித்த விதமே சரியென்றாலும் அது ராஜேந்திரன்தான் என்று ஆகிவிடாது. கல்லில் இருப்பது தமிழெழுத்தும் இல்லை. 1025இல் ராஜேந்திரன் கடற்படை சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய அரசைத் தாக்கியது உண்மை. அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தி கடாரம், இலங்காசோகம், தலைத்தக்கோலம் என்று ஊர் ஊராக அடுக்குகிறது. அந்த வரிசையில் சிங்கப்பூர் இல்லை.

அண்ணே, பெருமையைக் குறைக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. என் நடைகளில் சோழனைக் கேட்பவர்கள் பத்துப் பேர் என்றால், சுண்ணாம்பு குழைத்தவனைக் கேட்பவர் ஒருவர்கூட இல்லை. அது எனக்கு வலிக்கிறது. மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர், டோபி காட் பகுதியில் துணி வெளுத்தவர், குவீன்ஸ்வே பக்கம் ரயில் பாதையோரம் முனீஸ்வரனுக்குக் குடிசை போட்ட தொழிலாளி, எல்லாரும் இங்கே இருந்ததற்குச் சான்று இருக்கிறது. கல் முழுதாகப் படிக்கப்படும் நாள் வந்தால் முதல் ஆளாக நானே வந்து சொல்கிறேன். இதற்கு மேல் சோழர் கேள்விக்கு இன்று பதில் எழுதவில்லை.

அங் மோ கியோ வாசகர்: கோயில் மதியம்...

12 மணி. மாலை ஆறு.

பிடோக் அண்ணன்: தாத்தா பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து இங்கே இறந்தார் என்று அப்பா சொல்வார். கல்லறை இருக்குமா?

கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போங்கள் அண்ணே. கட்டணம் கிடையாது. கிளம்புமுன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் தாத்தா பெயரைத் தேடுங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் விதவிதமாக எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாகத் தட்டிப் பாருங்கள். படைப்பிரிவு பெயர் தெரிந்தால் இன்னும் நல்லது. கல்லறை இல்லாவிட்டால் அவர் இல்லை என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை மேட்டின் உச்சியில் உள்ள சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கு அங்கேயே தனி நினைவுச்சின்னமும் உண்டு. பெயர் கிடைத்தால் எந்தச் சுவர் என்பதைக் குறித்துக்கொண்டு காலையிலேயே போங்கள். அந்த மேட்டில் நிழல் குறைவு, அப்பாவுக்கு ஒரு குடை எடுத்துக்கொள்ளுங்கள்.