தொடு சோதனைக்கு ஆண் எலி மட்டும் போதுமா?

கேள்வி: நரம்பில் காயம்பட்ட சுண்டெலிக்குத் தொடு உணர்வு எப்படி மாறுகிறது, அதை ஒரு மருந்து சரிசெய்யுமா என்று பிஎச்.டி. செய்கிறேன். பெண் எலி வேண்டாம், ஹார்மோன் ஏறி இறங்கும் சினைச் சுழற்சியால் அளவீடு தாறுமாறாகிவிடும் என்கிறார் கைடு. இரண்டையும் எடுத்தால் எலிகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகுமோ என்றும் பயம். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டையும் எடுங்கள். மருந்து சோதிக்கும் வேலை என்றால் இதில் யோசிக்கவே வேண்டாம்.

வான் ஃப்ரே இழையால் (குறிப்பிட்ட கிராம் விசையில் வளையும் மெல்லிய இழை) பாதத்தின் அடியில் குத்துகிறீர்கள், முன்பு ஒரு கிராம் இழையைப் பொறுத்துக்கொண்ட எலி காயத்துக்குப் பிறகு 0.07 கிராமுக்கே காலை இழுத்துக்கொள்கிறது. ஆணும் இழுக்கும், பெண்ணும் இழுக்கும், நோட்டில் எழுதும் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றல்ல. மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மோகில், டொராண்டோவின் மைக்கேல் சால்டர் குழுவினர் 2015இல் காட்டியது இதைத்தான்: தண்டுவடத்தில் மைக்ரோகிளியா எனும் நோயெதிர்ப்பு செல்களைத் தடுத்தால் ஆண் எலியின் மிகை உணர்வு அடங்கிவிடுகிறது, பெண்ணுக்கு அது அசையவே இல்லை. பெண் எலி அந்த வேலைக்கு வேறொரு வகை நோயெதிர்ப்பு செல்லான டி செல்களை நம்பியிருப்பதாகத் தெரிகிறது. டி செல்களே இல்லாத பெண் எலிகளை எடுத்துப் பார்த்தபோது அவை ஆண்களைப் போல மைக்ரோகிளியா வழிக்கு மாறியிருந்தன. அதனால் மைக்ரோகிளியாவைத் தடுக்கும் மினோசைக்ளின் மாதிரி ஒரு மருந்தை ஆண் எலியில் மட்டும் பார்த்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று எழுதினால், பாதி உண்மையைத்தான் எழுதுகிறீர்கள். நாள்பட்ட வலியால் வாடுபவர்களில் பெண்களே அதிகம் என்பதால் இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சரி, சினைச் சுழற்சி. 2014இல் 293 கட்டுரைகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். சுழற்சியின் எந்த நாள் என்று பார்க்காமல் சோதித்த பெண் எலிகளின் அளவீடுகளும் ஆண்களுடையதைவிட அதிகம் சிதறவில்லை. ஆகவே சுழற்சியின் நாளைக் கண்டுபிடிக்கத் தினமும் ஸ்மியர் (பிறப்புறுப்பிலிருந்து எடுக்கும் செல் மாதிரி) எடுக்கத் தேவையில்லை.

எண்ணிக்கையும் இரட்டிப்பாகாது. குழுவுக்கு 16 ஆண் என்று போட்டிருந்தால் 8 ஆண், 8 பெண் என்று பிரித்து, பகுப்பாய்வில் பாலினத்தை ஒரு காரணியாகச் சேர்த்து இருவழி அனோவா (மருந்து, பாலினம் இரண்டின் விளைவையும் சேர்த்துப் பார்க்கும் புள்ளியியல் சோதனை) போடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் அதிலேயே தெரியும். பாலின வேறுபாடுதான் உங்கள் முக்கியக் கேள்வி என்றால் மட்டும் எலிகள் கூடுதலாக வேண்டும், அதற்குப் புள்ளியியல் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

அப்புறம் சோதனை செய்பவர் ஆணா பெண்ணா என்பதையும் எழுதி வையுங்கள். ஆண் பக்கத்தில் இருந்தாலே, ஏன், அவர் போட்டிருந்த சட்டையை வைத்தாலே கூட எலிக்கு மன அழுத்தம் கூடி வலி காட்டுவது குறைகிறது என்று மோகில் குழு 2014இல் கண்டது. ஒரே ஆளே கடைசிவரை சோதியுங்கள். ஆண் என்றால் எலிகள் பழகும்வரை முன்கூட்டியே அறையில் போய் இருங்கள், நேரமாக ஆக அந்த விளைவு தணியும். ஒரே நாளில் ஆண் எலிகளை எல்லாம் காலையிலும் பெண் எலிகளை எல்லாம் மாலையிலும் சோதித்துவிடாதீர்கள், கலந்து வரட்டும்.

நெறிமுறைக் குழு அனுமதி ஆண் எலிக்கு மட்டும் வாங்கியிருந்தால், பெண் எலிகளுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே திருத்த விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.