பிரஸ்ஸில் பலம் இருக்கிறது, பைட்தான் போதவில்லை

கேள்வி: 200 டன் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கிறோம். 150 மி.மீ. சதுர இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) பில்லட்டை, அதாவது சூடாக்கிய எஃகுக் கட்டையை, 50 மி.மீ. அகல டையில் (அழுத்தும் கருவி) கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, 120 உயரத்துக்கு அழுத்தி நீட்டுகிறோம். அல்ட்ராசோனிக் சோதனையில் நடுவில் துளை காட்டுகிறது. அகலமான டை போட்டால் பிரஸ் தாங்குமா?

தாங்கும். கணக்குக்கு முன்னால் பில்லட்டின் முனையை ஒருமுறை பாருங்கள். வெட்டுமுகம் மீன் வாய் மாதிரி உள்ளே குழிந்திருக்கிறதா? அப்படியென்றால் மேலும் கீழும் உள்ள உலோகம்தான் ஓடுகிறது, நடுப்பகுதி பின்தங்குகிறது. ஓடுகிற தோல் நடுவையும் பிடித்து இழுக்க, அழுத்தத்தில் இருக்க வேண்டிய இடம் இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. வார்ப்பிலேயே வந்த நுண்துளை மூடுவதற்குப் பதில் வாய் திறக்கிறது. பக்கவாட்டிலும் இது தெரியும். ஒரே தொந்தியாகப் புடைத்தால் அழுத்தம் உள்ளே இறங்கியிருக்கிறது, மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு புடைப்பு என்றால் இறங்கவில்லை.

உங்கள் பைட், அதாவது ஒரு அழுத்தில் டை பிடிக்கும் நீளம், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பாதிக்குக் கீழே போனாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும், நானாக இருந்தால் 100 மி.மீ. வைப்பேன்.

இப்போது விசை. 1100 டிகிரியில் இந்த எஃகு சதுர மி.மீ.-க்குச் சுமார் 8 கிலோ எதிர்க்கும் என்று வைத்துக்கொள்வோம். 50 பைட்டில் தொடும் பரப்பு 50 × 159 (அழுத்தியபின் அகலம்), அதை 8-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 64 டன். ஆனால் ஒடுங்கிய டை உயரமான பில்லட்டில் குத்துவது போல இறங்குவதால், சுற்றியுள்ள உலோகம் தடுத்து எதிர்ப்பு 1.4 மடங்கு வரை ஏறும்: 90 டன். 100 பைட்டில் 100 × 162 × 8, 130 டன். இங்கே அந்தத் தடுப்பு குறைவு, 1.15 மடங்கு போதும், ஆக 150 டன். பைட் இரட்டிப்பாகியும் விசை இரட்டிப்பாகவில்லை, பார்த்தீர்களா? ஆனால் பில்லட் 900 டிகிரிக்கு ஆறிவிட்டால் எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், பிரஸ் அப்படியே நின்றுவிடும், அதனால் ‘இன்னும் ஒரு அழுத்து’ என்ற ஆசை வேண்டாம், உலைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

அந்த 159-ம் 162-ம் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். டாம்லின்சன், ஸ்ட்ரிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1959-ல் கொடுத்த பரவல் சூத்திரம்: பைட்டை அகலத்தால் வகுங்கள், அந்த எண்ணை 0.36-ஆல் பெருக்கி 0.14 கூட்டி, முதலில் வகுத்து வந்த எண்ணின் வர்க்கத்தை 0.054-ஆல் பெருக்கிக் கழியுங்கள். உயரத்தில் குறைந்ததில் (மடக்கைக் கணக்கில்) எவ்வளவு பங்கு அகலத்துக்குப் போகிறது என்பது கிடைக்கும், மிச்சம் நீளத்துக்கு. 50 பைட்டில் நீளம் 18 சதவீதம் கூடும், 100-ல் 15 தான். கொல்லர் சம்மட்டியின் ஒடுங்கிய முனையால் தட்டி நீட்டுவதும் இதே காரணத்தால்தான். ஆக ஒரு சுற்றில் கிடைக்கும் நீளம் கொஞ்சம் குறையும், அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்புறம், ஒவ்வொரு பைட்டின் நடுவில்தான் உருமாற்றம் அதிகம், இரண்டு பைட் சேரும் இடத்தில் குறைவு. அதனால் அடுத்த சுற்றில் அரை பைட் தள்ளி ஆரம்பியுங்கள். நம்பிக்கை வரவில்லை என்றால், பிள்ளைகள் விளையாடும் இரண்டு நிற பிளாஸ்டிசினை அடுக்கடுக்காக வைத்து, மரக்கட்டையை டையாக்கி அழுத்தி, நடுவில் அறுத்துப் பாருங்கள். சூடான எஃகு ஏறக்குறைய அப்படித்தான் ஓடும்.