உறவுமுறை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. ஐந்து வருடமாக இன்னொரு பெண்ணோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாள். ரூம்மேட் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது உண்மையைச் சொன்னாள். ஆறு மாதம் எனக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. பிறகு அவளுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தபோது அந்தப் பிள்ளை அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்து மனம் மாறிவிட்டது. இப்போது கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். சட்டத்தில் இல்லாத கல்யாணம் எதற்கு? சேர்ந்து வாழ்வதை யாரும் தடுக்கவில்லையே? அவள் அப்பா, "இருந்துட்டுப் போகட்டும், ஊரைக் கூட்டாம இருந்தாச் சரி" என்கிறார். நான் என்ன சொல்லட்டும்? அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அவள் என்னை ஆன்ட்டி என்கிறாள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புச் சகோதரி,

கேள்வியைச் சுருக்கித்தான் மேலே அச்சிட்டிருக்கிறோம். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் பலமுறை படித்தேன். ஆபரேஷன் அன்று இரவு மருத்துவமனையில் ஒரு படிவம் நீட்டியிருக்கிறார்கள். 'நோயாளிக்கு உறவுமுறை' என்ற கட்டத்தில் அந்தப் பெண் 'தோழி' என்று எழுதியிருக்கிறாள். "ஃபிரெண்டு கையெழுத்து செல்லாதும்மா, சொந்தக்காரங்களை வரச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் கோவில்பட்டியில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அழுதுகொண்டே ரயில் ஏறியிருக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் 29 வயதில் சுயநினைவோடு இருக்கும் உங்கள் மகளின் கையெழுத்தே போதும். ஆனால் நம் மருத்துவமனைகளின் வழக்கம் வேறு. அவளுக்கு நினைவு தப்பியிருந்தால், உங்கள் போன் அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"சேர்ந்து வாழ்வதை யாரும் தடுக்கவில்லையே" என்ற உங்கள் கேள்விக்கு அந்தக் கட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஐந்து வருடம் சேர்ந்து சமைத்து, வாடகை கட்டி, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவளுக்கு, அந்த இரவில் தன்னை என்ன சொல்லி எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் மகள் கேட்பது அந்தக் கட்டத்தில் எழுத ஒரு சொல்லை.

தடுக்கவில்லை என்பதும் சமீபத்திய கதைதான். வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, 2018 செப்டம்பர் 6 வரைக்கும் தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக வைத்திருந்தது. வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வது குற்றமாகாது என்று அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வயது வந்தவர்கள் யாரோடு வாழ்வது என்று முடிவு செய்வது தனிமனித சுதந்திரம். அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு அதைக் காக்கிறது. உங்கள் கணவர் "இருந்துட்டுப் போகட்டும்" என்கிறாரே, அந்த அளவுக்குச் சட்டமும் வந்துவிட்டது. அதற்கு மேல் வர மறுக்கிறது.

2023 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஐந்து நீதிபதிகள் பத்து நாள் உட்கார்ந்து இந்தத் திருமண வழக்கைக் கேட்டார்கள். 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் தங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்பதே தம்பதிகளின் கோரிக்கை. கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ நடத்திவைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அக்டோபர் 17-ல் தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை என்று சாசனத்தில் இல்லை, சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஐவரும் சொன்னார்கள். திருமணம் என்று இல்லாவிட்டாலும் இந்த உறவைப் பதிவு செய்ய அரசுக்குக் கடமை உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் எழுதினார்கள். மற்ற மூவர் ஒப்பவில்லை. மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாகின. நம் வடக்கே நேபாளத்தில் 2023 நவம்பரிலேயே இப்படி ஒரு திருமணம் பதிவானது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் சட்டமே வந்துவிட்டது.

அந்த வழக்கில் மத்திய அரசு சொன்ன ஒரு வாதம் எனக்கு இன்றும் ஆறவில்லை. இது நகரத்து மேட்டுக்குடியினரின் பார்வை என்றது. கோவில்பட்டியிலிருந்து எனக்கு நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பாதுகாப்பு கேட்டுப் போன இரு பெண்களும் மதுரையிலிருந்து வந்தவர்கள். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தன் புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் தானே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு உத்தரவு எழுதினார். இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, 'குணப்படுத்துகிறேன்' என்று எந்த வைத்தியரும் கிளம்பக் கூடாது என்பவை அந்த உத்தரவில் இருக்கின்றன. மகளை மனநல டாக்டரிடம் காட்டச் சொல்லி உறவில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை அதோடு விடுங்கள். ஜாதகம் பார்த்து ஒரு பையனுக்குக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சையும் விடுங்கள். ஒரு பாவமும் அறியாத அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம் அது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சட்டத்தில் இல்லாத கல்யாணம் எதற்கு?

உங்கள் ஊரிலிருந்து வடக்கே அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928-ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது அங்கேதான். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிச் செய்துகொண்டார்கள். அத்தனையும் சட்டத்தில் இல்லாத கல்யாணம். சடங்கு இல்லாததால் அது செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அண்ணா முதலமைச்சராகி 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான், அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் சேர்ந்து செல்லுபடியாயின. கிட்டத்தட்ட நாற்பது வருடம்.

என் பெரியம்மாவின் திருமணம் 1956-ல் அப்படி நடந்தது. பள்ளிக்கூட மேடை, ஒரு மைக், இரண்டு ரோஜா மாலை. பெரியப்பா 1964-ல் மாரடைப்பில் போய்விட்டார். கருமாதி முடிந்து பாகம் பிரிக்க உட்கார்ந்தபோது பெரியம்மாவின் கொழுந்தனார் கேட்டாராம்: "நீங்க எந்தச் சாஸ்திரப்படி எங்க அண்ணன் சம்சாரம்?" வக்கீல் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. எட்டு வருடம் அவர் கையால் சாப்பிட்டவர்தான் கேட்டவர். பெரியம்மா பதில் பேசவில்லையாம். உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து கல்யாண அழைப்பிதழை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் வைத்தாராம். ரோஸ் நிறத் தாள், ஓரத்தில் பூச்சி அரித்தது. சட்டம் வரும்வரை அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். இப்போது அது என் மேசைக்குள் இருக்கிறது. 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து' என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம், வந்திருந்த அந்தச் சுற்றமும் நட்பும்தான் அவரை அந்த மூன்று வருடமும் காப்பாற்றியது என்று நினைத்துக்கொள்வேன். "நாங்க பார்த்தோம், மாலை மாத்தினாங்க" என்று சாட்சி சொல்ல ஊரில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

7ஏ பிரிவும் கணவன், மனைவி என்றே பேசுகிறது. அதனால் உங்கள் மகள் மாலை மாற்றினாலும் சான்றிதழ் கிடைக்காது. அதை மறைக்காமல் இருவரிடமும் சொல்லுங்கள். அதே சமயம், வீட்டிலோ மொட்டை மாடியிலோ நெருங்கியவர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொள்வது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. "ஊரைக் கூட்டாம" என்கிறார் உங்கள் கணவர். அவர் பயம் எனக்குப் புரிகிறது. நாளைக்குக் கடைத்தெருவில் பதில் சொல்லப்போவது அவர்தான். ஊர் முழுக்க வேண்டாம், முப்பது பேர் போதும். ஆனால் அந்த முப்பது பேர் வேண்டும். இவர்கள் இருவருக்கும் நாளைக்கு ஒன்று என்றால் "நாங்க இருந்தோம்" என்று சொல்ல ஆள் வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சட்டம் வந்ததும் ஒரு படிவத்திலிருந்துதான். ஒஹாயோ மாநிலத்தில் ஜிம் ஓபர்கஃபெல், ஜான் ஆர்தர் என்று இருவர். இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தவர்கள். ஜானுக்கு உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக இயங்காமல் போகும் ஏ.எல்.எஸ். நோய். அவர்கள் மாநிலத்தில் திருமணம் செய்ய வழியில்லை. 2013 ஜூலையில் உறவினர்களும் நண்பர்களும் பணம் போட்டு ஒரு மருத்துவ விமானம் பிடித்தார்கள். மேரிலாந்தில் விமானம் இறங்கியது. படுக்கையிலிருந்த ஜானின் கையைப் பிடித்தபடி ஜிம் விமானத்துக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டார். நடத்திவைத்தது ஜானின் குடும்பத்துப் பெண்மணி. திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, ஜானின் இறப்புச் சான்றிதழில் 'துணைவர்' என்ற இடத்தில் ஜிம்மின் பெயரை ஒஹாயோ எழுதாது என்று. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அக்டோபரில் ஜான் இறந்துவிட்டார். ஜிம் விடவில்லை. 2015 ஜூன் 26-ல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நாடு முழுக்கத் திருமண உரிமை உண்டு என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பக்கம் நம்பிக்கை தரும் ஒன்று 2025 மே மாதம் வந்தது. வேலூர்ப் பக்கத்து வழக்கு. 25 வயதுப் பெண்ணைப் பெற்றவர்களே பிடித்து வீட்டில் அடைத்துவைத்திருந்தார்கள். அவளுடைய துணை நீதிமன்றம் போனாள். பெண்ணின் தாய் நீதிபதிகள் முன் அழுதிருக்கிறார், மகளை அந்தப் பெண்தான் கெடுத்துவிட்டாள் என்று. நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் மகளிடம் பேசிப்பார்த்து, அவள் விருப்பப்படி போகலாம் என்று விடுவித்தார்கள். குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தாங்களாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்தத் தாயை நான் திட்டமாட்டேன். அந்த ஆறு மாதத்தில் நீங்களும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நின்றிருப்பீர்கள்.

அந்தப் பிள்ளையை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வாய் வந்தால் "வாம்மா" என்று கூப்பிடுங்கள். அவள் உங்களை ஆன்ட்டி என்கிறாள் என்றால் வேறு எதற்கும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை என்று பொருள். "அத்தைன்னு கூப்பிடும்மா" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நாலு பேர் கேட்டால் "எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

மாலை மாற்றுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காகித வேலை இருக்கிறது. சேர்ந்து வங்கிக் கணக்குத் தொடங்கவும், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28-ல் அறிவித்துவிட்டது. கிளையில் மறுத்தால் அந்த அறிவிப்பைக் காட்டச் சொல்லுங்கள். பி.எஃப். விஷயம் சிக்கல். அதன் விதிகளில் குடும்பம் என்றால் யார் யார் என்று பட்டியலே உண்டு, அந்தப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. நினைவு தப்பிய நிலையில் யார் முடிவெடுப்பது என்று மருத்துவ முன்விருப்ப ஆவணம் எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம். உயிர்காப்புச் சிகிச்சையைத் தொடர்வதா வேண்டாமா என்பது போன்ற கடைசிக் கட்ட முடிவுகளுக்கு அது உதவும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் உயில். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்பவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகமாட்டார். உயில் இல்லாமல் உங்கள் மகளுக்கு ஏதாவது நேர்ந்தால், அவள் சம்பாதித்ததெல்லாம் வாரிசுச் சட்டப்படி உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் வரும். அந்தப் பெண் அந்த வீட்டுச் சாமான்களுக்குக்கூட ரசீது காட்ட வேண்டியிருக்கும். உயிலைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதில்லை, செய்வது நல்லது. சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் கட்டாயம் வேண்டும். உயில்படி சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்கக் கூடாது.

உயில் இல்லாவிட்டால் சட்டப்படி அந்தச் சொத்து யாருக்கு வருமோ அவர்களே சாட்சி போட்டால், பின்னால் ஒரு கொழுந்தனாரும் ஒரு வக்கீலும் வந்து கேள்வி கேட்பது கஷ்டம். முதல் கையெழுத்தை நீங்கள் போடுங்கள். இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டு, தாளை உங்கள் கணவர் முன்னால் வையுங்கள். அவர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளட்டும்.