அன்ஸ்ட்ரதருக்கு யார் எம்.பி.? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ஸ்காட்லாந்தில் அன்ஸ்ட்ரதர் மாதிரி குட்டி மீன்பிடி ஊருக்குக்கூட தனி எம்.பி. இருந்தாரா?

தனியாக இல்லை தம்பி, பங்குதான். 1707 வரை ராயல் பரோ (அரச சாசனம் பெற்ற நகரம்) அந்தஸ்து பெற்ற ஊர்கள் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு நேரடியாக ஆள் அனுப்பின. இங்கிலாந்தோடு இணைந்ததும் லண்டன் நாடாளுமன்றத்தில் மொத்த ஸ்காட்லாந்துக்கும் கிடைத்தது 45 இடம், அதில் ஊர்களுக்கு 15. எடின்பரோ ஒன்றை எடுத்துக்கொள்ள, மிச்சம் 65 ஊர்களை 14 கொத்தாகக் கட்டிவிட்டார்கள், கொத்துக்கு ஓர் எம்.பி. கிழக்கு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதிக் கடற்கரையில் ஈஸ்டர் அன்ஸ்ட்ரதர், வெஸ்டர் அன்ஸ்ட்ரதர், கிரெயில், கில்ரென்னி, பிட்டன்வீம் ஐந்தும் ஒரே கொத்து. இரண்டு அன்ஸ்ட்ரதருக்கும் நடுவில் இருப்பது ட்ரீல் என்ற ஓடை மட்டும்தான். ஓடைக்கு இந்தக் கரையில் ஒரு ஓட்டு, அந்தக் கரையில் ஒரு ஓட்டு!

கேள்வி: ஊருக்கு ஒரே ஓட்டா? அப்போ மக்கள்?

மக்களுக்கு ஓட்டே கிடையாது. இதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். ஊர் கவுன்சில் ஒரு பிரதிநிதியை அனுப்பும், ஐந்து பிரதிநிதிகளும் ஓர் ஊரில் கூடி எம்.பி.யைத் தேர்ந்தெடுப்பார்கள், கூடும் ஊர் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். சரி, கவுன்சிலையாவது மக்கள் தேர்ந்தெடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. 1469இல் வந்த சட்டப்படி பழைய கவுன்சிலே புதிய கவுன்சிலை நியமித்தது. ஆக, மூன்று கவுன்சில்களைக் கையில் வைத்திருந்தால் தொகுதியே கையில்.

கேள்வி: அப்படி யாராவது வைத்திருந்தார்களா?

ஊர்ப் பெயரையே தாங்கிய அன்ஸ்ட்ரதர் குடும்பத்துக்கு நல்ல பிடி இருந்தது. அதில் சர் ஜான் அன்ஸ்ட்ரதர் 1783இல் இந்தத் தொகுதிக்கு எம்.பி. ஆனவர், வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான நாடாளுமன்ற விசாரணையை நடத்தியவர்களில் ஒருவர், அப்புறம் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, 1806இல் ஊர் திரும்பி மறுபடி அதே தொகுதிக்கு எம்.பி.

கேள்வி: எப்போது மாறியது சார்?

1832 சீர்திருத்தச் சட்டத்தில். ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடோ கடையோ வைத்திருந்த ஆண்களுக்கு ஓட்டு வந்தது. கூடவே ஐந்து ஊரையும் செயின்ட் ஆண்ட்ரூஸ், கூப்பர் ஆகிய ஊர்களுடன் ஒரே தொகுதியாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தொகுதிக்கு எட்வர்ட் எலிஸ் 1837 முதல் 1880 வரை எம்.பி.யாக இருந்தார். 1918இல் அதுவும் கலைந்து கிழக்கு ஃபைஃபில் கரைந்தது. இப்போது வடகிழக்கு ஃபைஃப். 2017 தேர்தலில் அங்கே வெற்றி வித்தியாசம் வெறும் 2 ஓட்டு.