868 ஹோம் ரன்களின் சொந்தக்காரர் சடஹாரு ஓ: கேள்வி பதில்

கே: ஜப்பானில் ஆடிய பேஸ்பால் நட்சத்திரம் ஓ, பள்ளியில் பிட்சராமே (பந்து வீசுபவர்)?

ஆமாம். டோக்கியோவின் வசேதா ஜிட்சுக்யோ பள்ளிக்காக, பள்ளிகளுக்கான 1957 வசந்தகாலக் கோஷியென் தேசியப் போட்டியில் இடது கை விரல் கொப்புளம் உடைந்து, பந்தில் ரத்தம் ஒட்ட ஒட்ட வீசிக் கோப்பையை வாங்கித் தந்தார். அதே ஆண்டு தேசிய விளையாட்டு விழாவில் அவருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சீனர், மகனுக்கும் ஜப்பானியக் குடியுரிமை கிடையாது.

கே: பேட்டர் ஆனது எப்படி?

1959இல் யோமியுரி ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்ததும் பிட்சிங்கை விடச் சொல்லி முதல் பேஸில் ஃபீல்டராக நிறுத்தினார்கள். முதல் 26 முயற்சிகளிலும் ஒரு ஹிட்கூட இல்லை. 27ஆவதில் ஹோம் ரன். ஆனாலும் மூன்று வருடம் சுமார்தான். 1962இல் அரகாவா பேட்டிங் பயிற்சியாளராக வந்தார். பந்து வருமுன்பே உடம்பு முன்னால் பாய்ந்துவிடுவதுதான் ஓவின் கோளாறு. வலது காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நின்றால் பாய முடியாதே! இரவில் வாள் பயிற்சி வேறு. மேலிருந்து தொங்கும் காகிதத்தை வெட்ட வேண்டும். வீச்சு கொஞ்சம் பிசகினாலும் காகிதம் நழுவிவிடும். அந்த வருடமே 38 ஹோம் ரன். தொடர்ந்து 13 வருடம் ஹோம் ரன் பட்டியலில் அவர்தான் முதலிடம்.

கே: ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர்தானே?

இல்லை. பந்து வேலியைத் தாண்டிப் பறப்பது மட்டும்தான் ஒற்றுமை. இதில் ஒரு ஆட்டத்தில் நாலைந்து முறைதான் பேட் பிடிக்கக் கிடைக்கும். கிரிக்கெட் கணக்கை இங்கே போடாதீர்கள்.

கே: கெயில் ஆயிரம் சிக்ஸர் அடித்திருக்கிறாரே?

மேலே பார்க்கவும்.

கே: சின்ன மைதானம், அதனால்தான் 868 என்கிறார்களே?

ஜயன்ட்ஸின் மைதானமான கொராகுவென் சின்னதுதான். ஆனால் ஜப்பானில் இரண்டாமிடத்தில் உள்ள நொமுரா அடித்தது 657.

கே: ஒரே சீசனில் 55 ஹோம் ரன் என்ற அவருடைய சாதனையைக் காப்பாற்ற மற்றவர்களுக்குப் பந்தே போடவில்லையாமே?

அப்படித்தான் நடந்தது. 1985இல் 54 அடித்திருந்த அமெரிக்கர் ராண்டி பாஸுக்குக் கடைசி ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் பிட்சர்கள் எட்டாத தூரத்திலேயே வீசினார்கள். ஜயன்ட்ஸின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) அப்போது ஓ.

கே: அவர் உத்தரவு போடவில்லை என்றாரே! வீணாகப் பழி போடுகிறீர்கள்.

என்றார், சரி. தடுத்தாரா? 2001இல் டஃபி ரோட்ஸ் 55இல் நின்றபோதும் எதிரணி, ஓ மேனேஜராக இருந்த ஹாக்ஸ் அணிதான். வெளிநாட்டுக்காரர் சாதனையை முறியடிக்கக் கூடாது என்று அந்த அணிப் பயிற்சியாளர் ஒருவரே சொன்னார். நானும் ஓவின் ரசிகன்தான், ஆனால் இதில் மேனேஜருக்குப் பொறுப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. கடைசியில் 2013இல் பாலன்டியன் 60 அடித்து விவகாரத்தை முடித்தார்.

கே: மேனேஜராகத் தோல்விதானே?

ஜயன்ட்ஸில் ஐந்து சீசன், ஒரே லீக் பட்டம். ஹாக்ஸுக்கு 1995இல் போனார். மறுவருடம் ரசிகர்கள் அணிப் பேருந்தின் மேல் முட்டை வீசினார்கள். 1999இல் அதே அணி ஜப்பான் சாம்பியன், 2003இல் மறுபடியும். 2006இல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கை ஜப்பான் வென்றதும் அவர் தலைமையில்தான். இதைத் தோல்வி என்றால் உங்கள் இஷ்டம்.

கே: கெயிலா ஓவா?

அடுத்த கேள்வி இருந்தால் அனுப்புங்கள்.