மகனைப் பொறுத்துக்கொள்ளலாம், அவன் கடனையும் சுமக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. சபையிலேயே வளர்ந்த பிள்ளை. இப்போது குடிக்கிறான், ஆராதனைக்கு வருவதே இல்லை. போன் வந்தால் பணம் கேட்கத்தான். அவன் வட்டிக்கு வாங்கிய கடனை இரண்டு முறை நாங்களே அடைத்தோம். “இனி பணமும் கிடையாது, வீட்டுக்குள்ளும் விடாதே” என்கிறார் கணவர். அன்பு சகலத்தையும் தாங்கும் என்று வேதம் சொல்லும்போது நான் எப்படி மறுப்பேன்?

பதில்: சகோதரி, நீங்களும் கணவரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்கிறீர்கள். பணத்தை நிறுத்தச் சொல்வதில் அவர் சரி. கதவைச் சாத்தக் கூடாது என்பதில் நீங்கள் சரி.

கெட்ட குமாரன் உவமையை இருவரும் சேர்ந்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள் (லூக்கா 15). மகன் தூரதேசத்தில் ஆஸ்தியை அழிக்கிறான், பஞ்சம் வருகிறது, பன்றி தின்னும் தவிட்டுக்கு ஆசைப்படுகிறான். ஒருவரும் அதைக்கூடக் கொடுக்கவில்லை. அடுத்த வசனத்தில்தான் அவனுக்குப் புத்தி தெளிகிறது. தகப்பன் ஆள் அனுப்பிப் பணம் கொடுத்ததாகக் கதையில் எங்கும் இல்லை. ஆனால் மகன் தூரத்தில் வரும்போதே அவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். புறப்படும் முன்பே யோசித்து வைத்த மன்னிப்பை அவன் முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை. கொடுக்காமல் இருந்ததும் ஓடிப்போனதும் ஒரே தகப்பன்தான்.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து” என்று சொல்லி மூன்று வசனம் தள்ளி, “அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே” என்கிறார் பவுல். மகனின் துக்கம், தனிமை, திருந்த நினைக்கும்போது வரும் பயம் இதையெல்லாம் நீங்கள் கூடச் சுமக்கலாம். குடிக்காக வாங்கிய கடன் அவனுடைய பாரம். அதை நீங்கள் அடைக்கும் ஒவ்வொரு முறையும், குடி தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்பதை அவன் பார்க்காமலே போகிறான்.

மறுப்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “பணம் தரமாட்டேன் தம்பி. பசித்தால் வா, சாப்பிடு. டாக்டரிடம் போகலாம் என்றால் நானே கூட வருகிறேன், செலவு என்னுடையது.” அவ்வளவுதான். அவன் கத்துவான், “நீயெல்லாம் ஒரு அம்மாவா” என்பான். பதிலுக்குப் பழைய கணக்கை எடுக்காதீர்கள். “அப்புறம் பேசலாம்” என்று போனை வைத்துவிடுங்கள். உங்கள் பொறுமைக்கு உண்மையான சோதனை இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பணம் கொடுத்துவிட்டு நாலு வார்த்தை குத்திப் பேசுவதைவிட, கொடுக்காமல் கனிவாகப் பேசுவது ரொம்பக் கடினம். குடித்திருக்கும்போது எந்தப் பேச்சும் வேண்டாம். அது அவன் மண்டையில் ஏறாது, உங்களுக்குத்தான் காயம்.

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புகிறவராக இருந்தால், கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். “தூங்கினாயா, வேலை எப்படிப் போகிறது” என்று கேளுங்கள். திருத்தப்படுகிறோம் என்று தெரிந்தாலே ஆள் விலகிப்போவான்.

பிற்காலத்தில் பெரிய கிறிஸ்தவப் போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காவும் இந்தப் பாதையில் நடந்தவர்தான். மகன் சபை ஏற்காத மானிக்கேயம் என்ற மதத்தில் சேர்ந்தபோது, அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட முதலில் மறுத்தார். பிறகு மனம் மாறி மேஜையில் இடம் கொடுத்தார், அவனுடைய போதனையை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. மகனோடு வாதாடச் சொல்லி ஒரு பிஷப்பைக் கெஞ்சினார். அவரோ, இப்போது அவன் கேட்கமாட்டான், விட்டுவிடு, ஜெபம் மட்டும் செய் என்று அனுப்பிவிட்டார். 354-ல் பிறந்த அகஸ்டின் ஞானஸ்நானம் பெற்றது 387-ல். அதே வருடம் மோனிக்கா இறந்தார். உங்கள் மகனும் இப்படித் திரும்புவான் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, யாராலும் முடியாது. ஆனால் போதனையை மறுத்துக்கொண்டே மேஜையில் இடம் கொடுக்கலாம் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்க்காதீர்கள், அதற்குச் சிகிச்சை உண்டு. ரொம்ப நாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் “இன்றோடு விட்டுவிடுகிறேன்” என்று அவன் வந்து நின்றால், ஜெபித்த கையோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உங்களுக்கும் துணை தேவை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் பல நாடுகளில் நடக்கின்றன. பக்கத்தில் இருந்தால் போய் உட்காருங்கள். சபையில் வாயைக் காக்கத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் மனம்விட்டுச் சொல்லுங்கள். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எல்லோருக்கும் சொன்னால், அவன் திரும்பி வரும் நாளில் சபைக்குள் நுழையவே கூசுவான்.

கை ஓங்கினாலோ, பொருளை உடைத்தாலோ, மிரட்டினாலோ அங்கே நிற்காதீர்கள். வெளியே வந்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் போலீசையும். அடி வாங்கிக்கொண்டு இருக்கும்படி எந்த வசனமும் உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்த முறை அவன் போன் செய்வதற்குள் நீங்களும் கணவரும் உட்கார்ந்து எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். அம்மா மறுத்தால் அப்பா, அப்பா மறுத்தால் அம்மா என்று அவன் மாறி மாறிக் கேட்பான். இருவர் வாயிலிருந்தும் ஒரே பதில் வர வேண்டும்.